லினோ ப்ரோக்காவின் படங்கள்: மணிலாவில் எடுத்தது, பாரிஸில் பிழைத்தது எப்படி?

2024 மே மாதம், கான் திரைப்பட விழாவின் 'கான் கிளாசிக்ஸ்' பிரிவில் 'போனா' என்ற பிலிப்பைன்ஸ் படம் திரையிடப்பட்டது. படம் வந்தது 1980-ல். சினிமாவில் துண்டு வேடங்களில் வந்துபோகும் ஒரு நடிகன் மேல் பித்தாகி, வீட்டை விட்டு வந்து, அவனுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி போல உழைக்கும் ஒரு ரசிகையின் கதை. அந்த நாட்டின் சூப்பர் ஸ்டார் நோரா அவுனோர் நடித்து, அவரே தயாரித்தது.

இவ்வளவு இருந்தும் பல ஆண்டுகளாக இந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்றைப் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது, பிலிப்பைன்ஸ் ரசிகர்களுக்கும்கூட. அப்போ இதன் நெகட்டிவ் எங்கே இருந்தது? பாரிஸை ஒட்டிய ஒரு பிலிம் லேபில். 1981-ல் கான் விழாவுக்காகப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. அப்படித் தங்கியதால்தான் பிழைத்தது.

இயக்குநர் லினோ ப்ரோக்கா. அவர் எடுத்த 60-க்கும் மேற்பட்ட படங்களில் சில மட்டும் இன்று பளிச்சென்று இருக்கின்றன. பல படங்கள் தேய்ந்த பிரிண்டாகவோ மங்கிய வீடியோ நகலாகவோ மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்பதைப் படத்தின் தரம் தீர்மானிக்கவில்லை. அதன் பெட்டி எந்த ஊரில், யார் கையில் இருந்தது என்பதுதான் தீர்மானித்தது.

சுருக்கமாக

• ப்ரோக்காவின் 'மணிலா' (1975), 'இன்சியாங்' (1976), 'போனா' (1980) ஆகிய மூன்று முக்கியப் படங்களின் நெகட்டிவ்களும் லண்டனிலும் பிரான்ஸிலும் இருந்ததால் மீண்டன.
• வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிலிம் தானாகவே சிதையும். மணிலாவில் இரண்டுக்கும் குறைவில்லை.
• பிலிப்பைன்ஸின் அரசுத் திரைப்படக் காப்பகம் 80-களில் தொடங்கிச் சிதைந்தது. மறுபடி வந்தது 2011-ல்தான்.
• ஒரு படத்தை ரீஸ்டோர் செய்வது பாதி வேலை. மூல நெகட்டிவைக் குளிரில் வைத்துக் காப்பது மீதி.

லினோ ப்ரோக்கா யார்?

1939-ல் பிலிப்பைன்ஸின் சோர்சோகோன் மாகாணத்தில் பிறந்தவர். 1970-ல் முதல் படம். ஸ்டுடியோக்களுக்கு மெலோடிராமா எடுத்துக் கொடுத்துக்கொண்டே, தான் நினைத்த படங்களை எடுக்க வழி தேடினார். 1974-ல் நண்பர்களோடு 'சினிமணிலா' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதில் வந்த 'தினிம்பாங் கா ஙுனித் குலாங்' ஒரு சிற்றூரின் போலித்தனத்தைத் தோலுரித்த படம். பெரிய ஹிட்டும் ஆனது. ஆனால் கம்பெனி நீண்ட நாள் ஓடவில்லை. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையே ஒரு பேரம்தான்: சில வணிகப் படங்கள் எடுத்துக் கொடு, அந்த பலத்தில் உன் படம் ஒன்றை எடுத்துக்கொள்.

காலகட்டத்தையும் கவனிக்கணும். 1972-ல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்திருந்தார். சென்சார் கடுமை. வெளிநாட்டுக்கு அழகான மணிலாவைக் காட்ட அரசு விரும்பியபோது, ப்ரோக்கா தோண்டோ சேரியில் கேமராவை வைத்தார். 'இன்சியாங்' அப்படி வந்த படம். 1978-ல் அது கான் விழாவின் 'இயக்குநர்கள் இருவாரம்' பிரிவுக்குப் போனது. கானில் திரையிடப்பட்ட முதல் பிலிப்பைன்ஸ் படம் என்று இதைச் சொல்வார்கள். 1980-ல் அவருடைய 'ஜாகுவார்' கானின் பிரதானப் போட்டிக்கே தேர்வானது. 1984-ல் 'பயான் கோ' படம் நாட்டுக்கு வெளியே ரகசியமாகக் கொண்டுபோகப்பட்டு கான் போட்டியில் கலந்துகொண்டது. அடுத்த ஆண்டு ஜீப்னி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காக ப்ரோக்கா கைதானார். அதே 1985-ல் மகசேசே விருதும் பெற்றார்.

1991 மே மாதம் கேசோன் நகரில் நடந்த கார் விபத்தில் இறந்தார். வயது 52. 1997-ல் அரசு அவருக்கு 'தேசியக் கலைஞர்' பட்டம் கொடுத்தது. பட்டம் வந்த நேரத்தில் அவருடைய பல படங்களின் நெகட்டிவ் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

பிலிம் ஏன் கெட்டுப்போகுது?

70-களின் படங்கள் பெரும்பாலும் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளத்தில் எடுக்கப்பட்டவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அசிட்டேட் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரில் இருக்கும் அதே அமிலம். அதனால் கெட்டுப்போன பிலிம் டப்பாவைத் திறந்தால் காடி வாசனை மூக்கில் ஏறும். இதற்குப் பெயரே 'வினிகர் சிண்ட்ரோம்'.

பிரச்சினை அதோடு நிற்காது. வெளிவந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். மூடிய டப்பாவுக்குள் அமிலம் சேரச் சேர வேகம் கூடும். பிலிம் சுருங்கும், நெளியும், கடைசியில் உடையும். ஒரு ரோல் ஆரம்பித்தால் பக்கத்து ரோலுக்கும் ஆபத்து. ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. குளிரில் வைத்து மெதுவாக்கலாம், அவ்வளவுதான்.

இதில் காலக்கணக்கும் உண்டு. சுமார் 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது அசிட்டேட் பிலிம் ஏறக்குறைய 40 ஆண்டில் இந்த நோயின் வாசலுக்கு வந்துவிடும் என்பது பாதுகாப்பு நிபுணர்கள் பயன்படுத்தும் மதிப்பீடு. மணிலாவின் சராசரி வெப்பம் 27-28 டிகிரி. ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். ஏசி இல்லாத குடோனில் கிடந்த பெட்டிக்கு 40 ஆண்டெல்லாம் கிடையாது.

நிறம் வேறு கதை. பழைய கலர் படங்கள் டிவியில் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் காலக் கலர் பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும், சிவப்புச் சாயல் மட்டும் மிஞ்சும். தியேட்டரில் ஓடிய பிரிண்டை விட மூல நெகட்டிவ் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் எல்லோரும் நெகட்டிவைத் தேடுகிறார்கள்.

சொந்த நாட்டில் காப்பகம் இல்லையா?

இருந்தது, ஆனால் நிலைக்கவில்லை. பிலிப்பைன்ஸில் சினிமா இழப்பு புதிதும் இல்லை. அந்த நாட்டின் முதல் கதைப்படமான 'தலாகாங் புகித்' (1919) இன்று இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் எடுக்கப்பட்ட சுமார் 350 படங்களில் ஐந்துதான் மிஞ்சியிருப்பதாகச் சொல்லப்படுகிறது. போரில் மணிலா தரைமட்டமானது ஒரு காரணம். வெள்ளம், தீ, கவனிப்பின்மை எல்லாம் சேர்ந்தது மீதி.

1980-களின் தொடக்கத்தில் மார்கோஸ் அரசு ஒரு திரைப்படக் காப்பகத்தை அமைத்தது. 1982 ஜனவரி சர்வதேசத் திரைப்பட விழாவுக்காக அவசர அவசரமாகக் கட்டப்பட்ட மணிலா ஃபிலிம் சென்டர் ஞாபகம் இருக்கலாம். 1981 நவம்பரில் கட்டுமானத்தின்போது சாரம் சரிந்து தொழிலாளர்கள் பலர் இறந்த கட்டடம் அது. 1986-ல் மக்கள் எழுச்சியில் மார்கோஸ் ஆட்சி விழுந்ததும், அந்த ஆட்சியோடு ஒட்டிக்கொண்டிருந்த காப்பகமும் ஆதரவில்லாமல் போனது. புது ஆட்சிக்குப் பழைய படங்கள் அவசரமாகத் தெரியவில்லை.

அடுத்த தேசியக் காப்பகம் வந்தது 2011-ல், பிலிப்பைன்ஸ் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ். நடுவில் கால் நூற்றாண்டு. அசிட்டேட் கணக்கில் அது மிக நீண்ட காலம். அந்த இடைவெளியில் வேலையைத் தாங்கியது, 1993-ல் சங்கம் தொடங்கிய ஆவணக் காப்பாளர்கள், சில ஸ்டுடியோ குடும்பங்கள், சில தனி மனிதர்கள்.

மூன்று படங்கள், மூன்று பெட்டிகள்

முதலில் 'மணிலா'. முழுப் பெயர் 'மய்னிலா ச மங்கா குகோ நங் லிவானக்'. ஒளியின் நகங்களில் சிக்கிய மணிலா என்று பொருள். காதலியைத் தேடி நகரத்துக்கு வரும் மீனவ இளைஞன் ஜூலியோ, கட்டுமான வேலையில் சேர்ந்து, கூலியிலும் ஏமாற்றப்பட்டு, நகரத்தால் விழுங்கப்படும் கதை. தயாரிப்பாளரும் ஒளிப்பதிவாளரும் ஒருவரே: மைக் டி லியோன். எல்விஎன் என்ற பழம்பெரும் ஸ்டுடியோ குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் தானும் பெரிய இயக்குநர். பிலிமின் அருமை தெரிந்த வீட்டில் வளர்ந்தவர். இந்தப் படத்தின் நெகட்டிவ் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் பத்திரமாக இருந்தது. 2013-ல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'வேர்ல்ட் சினிமா புராஜெக்ட்', பிலிப்பைன்ஸ் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து இத்தாலியின் போலோன்யா நகரிலுள்ள 'லிம்மாஜினே ரித்ரோவாத்தா' லேபில் மீட்டெடுத்தது. வேலையில் டி லியோனும் பங்கெடுத்தார்.

ஒளிப்பதிவாளர் உயிரோடு இருந்தது எவ்வளவு பெரிய விஷயம்? படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கி, நகரம் விழித்தெழும் காட்சிகளின் ஊடே வண்ணத்துக்கு மாறும். அந்த மாற்றம் எவ்வளவு மெதுவாக நடக்கணும், சாயம் எந்த அளவில் இருக்கணும் என்பதையெல்லாம் எடுத்தவரிடமே கேட்கலாம். கேட்க ஆள் இல்லையென்றால் யூகம்தான். டி லியோனும் 2025 ஆகஸ்டில் காலமாகிவிட்டார்.

இரண்டாவது 'இன்சியாங்'. இங்கே முக்கியமான ஆள் பியர் ரிசியான் என்ற பிரெஞ்சுக்காரர். ஆசியப் படங்களை ஐரோப்பிய விழாக்களுக்குக் கொண்டுபோவதில் பெயர் பெற்றவர். ப்ரோக்காவை கானுக்கு அழைத்துப்போனவர் அவர்தான். 'இன்சியாங்' நெகட்டிவ் பிரான்ஸின் எல்டிசி லேபில் இருந்தது. 2015-ல் அதே போலோன்யா கூட்டணி அதை மீட்டது.

மூன்றாவது 'போனா'. அதுவும் ரிசியான் முயற்சியால் எல்டிசி-க்குப் போன நெகட்டிவ். அமெரிக்காவின் 'கானி ரிலீசிங்', பிரான்ஸின் 'கார்லோட்டா ஃபிலிம்ஸ்' என்ற இரண்டு சிறிய விநியோக நிறுவனங்கள் சேர்ந்து 2024-ல் அதை வெளியே கொண்டுவந்தன. ரிசியான் அதைப் பார்க்கவில்லை, 2018-லேயே இறந்துவிட்டார். கான் திரையிடலுக்கு அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரலில், நோரா அவுனோரும் மறைந்தார்.

வெளிநாட்டில் வைத்தால் பாதுகாப்பு என்று முடிவுகட்ட முடியாது. எல்டிசி ஒரு காப்பகம் அல்ல, வணிக லேப். அதன் தாய்க் கம்பெனி 2011 டிசம்பரில் திவாலாகி லேபும் மூடப்பட்டது. இந்த மாதிரி நேரத்தில் கிடங்கிலுள்ள பெட்டிகள் யாருடையவை, யார் வாடகை கட்டுவது, எங்கே கொண்டுபோவது என்று பல கேள்விகள் எழும். 'போனா' அதையும் தாண்டி வந்த படம்.

சரி, ரீஸ்டோரேஷன்னா என்ன செய்வாங்க?

நம்ம ஊரில் '4கே ரீ-ரிலீஸ்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்களே, அதில் பல படங்கள் கையில் கிடைத்த பிரதியை மென்பொருளில் பளபளப்பாக்கியவை. முறையான மீட்டெடுப்பு வேறு. படிகள் இவை:

தேடல்: எந்தெந்த நாட்டில் என்னென்ன பிரதி இருக்கிறது என்று பட்டியல் போட்டு, எல்லாவற்றிலும் மூலத்துக்கு மிக அருகில் உள்ளதைத் தேர்வு செய்வது.

கைவேலை: நெகட்டிவை அடி அடியாகப் பார்த்து, கிழிசலை ஒட்டி, ஓரத் துளைகளைச் சரிசெய்து, கழுவுவது. இங்கே கம்ப்யூட்டருக்கு வேலையில்லை.

ஸ்கேன்: 'மணிலா' சுமார் 125 நிமிடம். நொடிக்கு 24 பிரேம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 1,80,000 பிரேம்கள். 4கே-யில் ஒரு பிரேம் சுமார் 50 எம்பி பிடிக்கும் என்று வைத்தால், படத்துக்கு மட்டும் 9 டெராபைட்.

சுத்தம்: தூசி, கீறல், ஆட்டம், வெளிச்சத் துடிப்பு எல்லாவற்றையும் நீக்குவது. அளவு மீறினால் பிலிமின் மணித்தன்மையே போய், முகங்கள் மெழுகுப் பொம்மை போலாகிவிடும்.

நிறமும் ஒலியும்: பழைய பிரிண்ட் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் திரையில் எப்படி இருந்ததோ அதை எட்டப் பார்ப்பது. 'அழகாக்குவது' இங்கே நோக்கமல்ல.

கடைசிப் படி சேமிப்பு. டிஜிட்டல் கோப்புக்கும் ஆயுள் உண்டு. காந்த நாடாவில் பதிந்து, சில ஆண்டுக்கு ஒருமுறை புதுத் தலைமுறை நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்கணும். மூல நெகட்டிவை மட்டும் தூக்கிப் போடவே கூடாது. நாளைக்கு இதை விட நல்ல ஸ்கேனர் வந்தால் திரும்பப் போக வேண்டிய இடம் அதுதான்.

பணம் யார் கொடுப்பது, படம் யாருடையது?

ஒரு படத்துக்குப் பல சொந்தக்காரர்கள். காப்புரிமை தயாரிப்பாளரிடம் அல்லது அவர் வாரிசிடம். நெகட்டிவ் லேபிடம். பிரிண்ட் ஏதோ ஒரு காப்பகத்திடம். 70-களில் ஒரு படம் எடுத்து மறைந்துபோன கம்பெனிகள் ஏராளம். கையெழுத்துப் போட ஆள் கிடைக்காவிட்டால், நெகட்டிவ் கண்ணெதிரே இருந்தாலும் தொட முடியாது. பிலிப்பைன்ஸ் சட்டப்படி திரைப்படங்களுக்கான காப்புரிமை வெளியானதிலிருந்து 50 ஆண்டு. உரிமை முடிந்தாலும் பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் திறந்துவிட்டால்தான் வழி.

பணத்தில் தனியார் பங்கு பெரிது. ஏபிஎஸ்-சிபிஎன் என்ற தொலைக்காட்சி நிறுவனம் 2011-ல் தொடங்கிய மீட்டெடுப்புத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் படங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் 2020-ல் நாடாளுமன்றம் அந்த நிறுவனத்துக்கு ஒளிபரப்பு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஒரு நாட்டின் சினிமா நினைவு ஒரு கம்பெனியின் லாப நட்டத்தை நம்பி இருந்தால் எவ்வளவு நடுக்கமான நிலைமை என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

தப்பாத படங்கள் என்ன ஆச்சு?

இன்று ப்ரோக்கா என்றால் சேரி, வறுமை, சர்வாதிகார எதிர்ப்பு என்று உலகம் பேசுகிறது. ஏன்னா, விழாக்களுக்குப் போன படங்கள் அவை. நெகட்டிவ் வெளிநாட்டில் தங்கியதும் அவற்றுக்குத்தான். உள்ளூர் தியேட்டர்களில் ஓடி, பெண்கள் கூட்டமாகப் பார்த்து அழுத மெலோடிராமாக்கள், காமிக்ஸ் கதைகளிலிருந்து எடுத்த படங்கள், அவருடைய ஆரம்பகால முயற்சிகள் பலவும் அந்த வாய்ப்பைப் பெறவில்லை. அவருடைய நாட்டு மக்கள் அதிகம் பார்த்த ப்ரோக்காவும், உலகம் இன்று பார்க்கும் ப்ரோக்காவும் வேறு வேறு ஆட்களாகிவிட்டார்கள். அவரை முழுசாக எடைபோடத் தேவையான ஆதாரத்தில் பெரும்பகுதி மங்கிக்கொண்டிருக்கிறது.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். 2005-ல் சினிமலாயா விழா தொடங்கியதும் பிலிப்பைன்ஸில் டிஜிட்டல் இண்டி அலை எழுந்தது. சின்ன கேமரா, சின்ன பட்ஜெட். படங்கள் வீடியோ நாடாவிலும் ஹார்டு டிஸ்க்கிலும் கிடக்கின்றன. பிலிமாவது கெடும் முன் வாசனையில் எச்சரிக்கும். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சும்மா திறக்காமல் போகும்.

இந்தியாவுக்கு இதில் என்ன தொடர்பு?

'மணிலா'வை மீட்ட அதே திட்டம், அதே போலோன்யா லேபில், அதற்கு ஓராண்டு முன் மீட்டது ஒரு இந்தியப் படம்: உதய் சங்கரின் 'கல்பனா' (1948). சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. 2012-ல் கான் கிளாசிக்ஸில் காட்டப்பட்டது. அந்த வேலையில் ஈடுபட்ட சிவேந்திர சிங் துங்கர்பூர் 2014-ல் மும்பையில் 'ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்' தொடங்கி, பிலிமைக் கையாளும் பயிற்சிப் பட்டறைகளை நடத்திவருகிறார். 2017-ல் அது சென்னையிலும் நடந்தது. தட்பவெப்பம் நமக்கும் மணிலாவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், இழப்பும்தான். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று எங்கும் இல்லை.

அடுத்து என்ன?

பிலிப்பைன்ஸ் காப்பாளர்களின் வேலை இப்போது இரண்டு திசையில் போகிறது: வெளிநாட்டுக் கிடங்குகளில் இன்னும் என்ன பெட்டி இருக்கிறது என்று தேடுவது, உள்ளூரில் மிஞ்சியதைக் குளிருக்குள் கொண்டுவருவது. முதலாவது செய்தியாகும், கான் மேடை ஏறும். இரண்டாவதில் மின்கட்டணம், ஏசி, ஜெனரேட்டர், பயிற்சி பெற்ற ஆட்களின் மாதச் சம்பளம்தான் இருக்கும். அடுத்த 'போனா' மணிலாவிலேயே கிடைக்குமா என்பது இந்த இரண்டாவதைப் பொறுத்தது.

நீங்க பார்க்க விரும்பினால் 'இன்சியாங்' 2017-லும் 'மணிலா' 2018-லும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவன வெளியீடாக டிஸ்க்கில் வந்தன. மீட்டெடுத்த படங்களின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு அறிவிப்பு அட்டை வரும். எந்த நெகட்டிவ், எந்த ஊரில் இருந்தது, யார் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அதை ஸ்கிப் செய்யாமல் படிச்சுப் பாருங்க.